தவிட்டம்மாளின் இரண்டு உயரங்கள்

தவிட்டம்மாள் பாலத்தின் நடுக்கல்லைத் தாண்டித் தேரிக்கரைப் பக்கம் காலை வைத்தால் நாலு விரற்கடை உயர்வாள், முடி செம்பட்டை பாய்ந்து சுருண்டுகொள்ளும், கழுத்து நீளும், மூச்சு தடையில்லாமல் ஏறி இறங்கும். திரும்பி வந்து வடகரைப் பக்கம் காலை வைத்தால் அந்த நாலு விரற்கடையும் போய், முடி கறுத்துப் படிந்து, கன்னம் உப்பி, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று உறங்குவதுபோல் கர் கர் என்று சத்தம் கேட்கும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாங்கள் வடகரைக்காரர்கள், ஆற்றுத் தண்ணீரையும் வாழைத்தோட்டத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள், பொய் சொல்ல வேண்டுமென்று வந்துவிட்டால் இதைவிட நம்பும்படியாகச் சொல்லத் தெரிந்தவர்கள்.

நம்பிராஜன் மனைவி பிரமாச்சிக்கு முதலில் பிறந்த இரண்டும் பேர் வைக்கும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்ததும், அதையாவது காப்பாற்ற வேண்டுமென்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி பிள்ளையைத் தவிட்டுக்கு விற்க முடிவானது. பிள்ளையைப் புறவாசல் வழியாக வேறு வீட்டுக்காரியிடம் கொடுத்து, அவள் சுளகில் கொண்டுவரும் தவிட்டை விலையாக வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்குப் போன பிள்ளையில் என்ன இருக்கிறது என்று எமன் அலட்சியமாகத் திரும்பிப் போவான். பொழுது சாய்வதற்குள் ஒரு கூடை அரிசி கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவில் விற்றாலே போதும், எல்லோரும் அப்படித்தான் விற்றார்கள். பிரமாச்சிதான் கேட்கவில்லை. பக்கத்துத் தெரு எமனுக்கும் பக்கம்தானே, ஆற்றைத் தாண்டிக் கொடுத்தால்தான் அவன் நிசமாகவே ஏமாறுவான் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் பிடிவாதம் பிடித்தால் நம்பிராஜன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான்.

அதனால் பிள்ளை தேரிக்கரை ஞானப்பூவுக்குப் போனது. ஞானப்பூ எங்கள் தெருக்களில் கருப்பட்டி விற்க வருகிறவள், மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்றவள், கடைசிப் பிள்ளை அப்போது கைக்குழந்தை. தேரி என்றால் செம்மண் மேடு. மழை பெய்தாலும் பெய்த இடம் தெரியாமல் குடித்துவிடும் மணல், பனை, உடை மரம், வறண்ட காற்று. எங்கள் கரையோ மிதித்தால் தண்ணீர் கசியும் கரை. நடுவில் ஓடும் ஆறு ஒன்றுதான் என்றாலும் இரண்டு கரைக்கும் ஒருவருக்கொருவர் பெண் கொடுக்கும் பழக்கமில்லை, கேலி செய்யும் பழக்கம் நிறைய உண்டு.

ஞானப்பூ காலையில் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள், மத்தியானம் ஆறு பெருகி வந்து பாலத்தில் பாதியை அடித்துக்கொண்டு போனது. அந்த வருடம் மழை விட்டபாடில்லை. பரிசல்காரன் தண்ணீரைப் பார்த்ததும் துடுப்பைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். பச்சை உடம்புக்காரியான பிரமாச்சி இந்தக் கரையில் நின்று மாரைப் பிடித்துக்கொண்டு அழ, அந்தக் கரையில் ஞானப்பூ பிள்ளையை உயரத் தூக்கிக் காட்டி, தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் வாங்கின பிள்ளைக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தை மாதம் பிறந்து, பலகை போட்டுப் பாலத்தைச் சேர்த்த பிறகுதான் பிரமாச்சியால் நடுக்கல் வரை போக முடிந்தது.

எதிரே ஞானப்பூவின் இடுப்பில் கால் நீண்டு, முடி சுருண்டு, செம்பட்டையாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

“இது எம் பிள்ள இல்ல” என்றாள் பிரமாச்சி.

“வெரலப் பாரு” என்றாள் ஞானப்பூ.

இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அது பிறந்த அன்றே இருந்த வளைவு. பிரமாச்சியின் அக்கா மாடத்திக்கு இருந்த அதே வளைவு. மாடத்திதான் தாயில்லாத பிரமாச்சியைத் தூக்கி வளர்த்தவள். தங்கைக்குக் கல்யாணம் பேசிய வருடம் காய்ச்சலில் போய்விட்டாள், ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, அந்த வளைவு ஒன்றுதான் பாக்கி. பிரமாச்சி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடுக்கல்லைத் தாண்டினாள், தாண்டியதும் அவள் கையிலேயே முடி படிந்து, கால் குறுகி, கன்னம் உப்பி, அவள் விற்ற பிள்ளை அவளுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்த தேரிக்கரைப் பெண் ஒருத்தி, “அப்ப இங்கன இருக்கையில அது எங்க பிள்ளதான்” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். பிரமாச்சி அந்த இடத்திலேயே, இனி சாகிற வரைக்கும் அந்தக் கரையில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அந்தக் கோபத்தில், கொடுக்க வேண்டிய அரிசிக்கூடை வீட்டு மூலையிலேயே கிடந்ததை யாரும் நினைக்கவில்லை.

நினைத்தபோது காலம் கடந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் கொடுக்காத அரிசியை அப்புறம் கொடுத்து என்ன பயன். தவிட்டுக்கு வாங்கினவள் வாங்கினவளாகவே நிற்கிறாள், அவளுக்கும் பிள்ளையில் பங்குண்டு என்று இரண்டு கரைப் பெரியவர்களும் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு கரையும் ஒத்துப்போன விஷயம் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கருப்பட்டி காய்ச்சும் மாதங்களில் தவிட்டம்மாள் ஞானப்பூ வீட்டில் இருப்பாள், மற்ற மாதங்களில் தாய் வீட்டில் இருப்பாள். போகும்போது பிரமாச்சி நடுக்கல் வரை கூட வருவாள், கல்லுக்கு முந்திய எட்டிலேயே மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவாள், அந்த இன்னொரு முகத்தைப் பார்க்கவேமாட்டாள். தேரிக்கரையில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் தவிட்டம்மாள் முதலாவதாக வந்து, போட்டோவைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோதும், அதைக் கவிழ்த்து அரிசிப் பானைக்கு மூடியாக வைத்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்கு வேறு வேலை இல்லையா. தையல்காரர் அவள் பாவாடைக்கு உள்மடிப்பு வைத்துக் கொக்கி போட்டுத் தந்தார். பாலத்தில் போகும்போது கொக்கியைக் கழற்றினால் பாவாடையும் அவளோடு சேர்ந்து நீளும், வரும்போது மாட்டினால் குறுகும். பள்ளிக்கூடத்தில் வகுப்பு போட்டோ எடுக்கும் நாளில், வடகரையில் எடுத்தால் முன்வரிசை, தேரிக்கரையில் எடுத்தால் பின்வரிசை என்று தலைமையாசிரியரே சொல்லிவிட்டார். தலைக்கு எண்ணெய் எந்தக் கரையில் வைத்தால் செலவு குறைச்சல் என்று பெண்கள் பேசினார்கள். எங்கள் கரைக் குமரிகளில் சிலர், கழுத்து நீளாதா என்று நடுக்கல்லை இருபது தடவை தாண்டிப் பார்த்துவிட்டுக் கால்வலியோடு திரும்பினார்கள். தவிட்டம்மாளுக்கு மட்டும்தான் அது வாய்த்தது, அதற்காக அவள் ஒரு நாளும் பெருமைப்பட்டதில்லை. மழைக்குக் குடை விரிக்கிற மாதிரி அவள் பாட்டுக்கு உயர்வாள், குறைவாள்.

மாறாததும் உண்டு. வளைந்த சுண்டுவிரல் இரண்டு கரையிலும் வளைந்தே இருந்தது. தடுக்கி விழுந்தால் இரண்டு கரையிலும் அவள் “யேசுவே” என்றுதான் சொன்னாள். எங்கள் அம்மன் கோவில் பூக்குழித் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே தடுக்கி அப்படிச் சொன்னபோது பூசாரி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எந்தச் சாமியானாலும் பிள்ளை விழாமல் இருந்தால் சரி என்று திருநீறு போட்டுவிட்டார். விரல் பிறந்தபோதே வந்தது, யேசு பால் கொடுத்தவளிடமிருந்து வந்தது, இரண்டும் ஒட்டினது ஒட்டினதுதான் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

மற்றதெல்லாம் எதிலிருந்து வந்தது என்பதில்தான் சங்கரபாண்டி டீக்கடையில் வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. விதைதான் எல்லாம் என்று ஒரு கட்சி, மண்தான் எல்லாம் என்று ஒரு கட்சி. நம்பிராஜன் வாய் திறக்காதவன், ஒரு நாள் திறந்தான். தன் தோட்டத்துத் தாய்வாழை ஒன்றின் அடியிலிருந்து இரண்டு பக்கக்கன்று எடுத்து, ஒன்றை இங்கே நட்டதாகவும் ஒன்றை ஞானப்பூ வீட்டுக் கிணற்றடியில் நட்டதாகவும், இங்கே தார் கனமாகவும் அங்கே தார் சிறுத்து, பழம் தேனாகவும் வந்ததாகவும் சொன்னான்.

“அப்ப மண்ணுதான்” என்றது மண் கட்சி.

“அங்கயும் வாழதான காச்சுது, பனங்கா காக்கலயே” என்றான் நம்பிராஜன்.

விதைக் கட்சி கைதட்டியது. சரி, அப்படியானால் பிள்ளையில் மண் எத்தனை பங்கு, விதை எத்தனை பங்கு, கணக்காகச் சொல்லுங்கள் என்று ஒருவர் எழுந்து நின்று கேட்டார். சங்கரபாண்டி இட்லிக் கொப்பரையைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க, ஒரு இட்லியை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

“இதுல மாவு எத்தன பங்கு, ஆவி எத்தன பங்குன்னு பிச்சுக் காட்டும். அப்புறம் புள்ளையப் பத்திப் பேசலாம்.”

அவர் சட்னி கேட்டார். சண்டை அன்றைக்கு அதோடு நின்றது.

ஆனால் பிரமாச்சிக்கு இது டீக்கடை வேடிக்கை இல்லை. மகள் அந்தக் கரையில் ஞானப்பூவின் சாயலுக்கு மாறிவிடுகிறாள் என்று அவள் உறுதியாக நம்பினாள். பால் கொடுத்தவள் முகத்தை வரவழைத்துவிட்டாள், கருப்பட்டியைப் போட்டு மயக்கிவிட்டாள் என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இரண்டைப் பறிகொடுத்தவள். மூன்றாவது உயிரோடு இருக்கும்போதே கையைவிட்டுப் போகிறது என்ற பயம் அவளை அரித்தது. நாங்கள் அவளைக் கேலி செய்திருக்கிறோம். செய்திருக்க வேண்டாம்.

தவிட்டம்மாளுக்குப் பதினாறு நடக்கும்போது வந்த ஐப்பசி மோசமான ஐப்பசி. வீட்டுச் சுவரெல்லாம் பாசி பிடித்து, துணி காயாமல் நாறி, ஊரே ஊறிக் கிடந்தது. அவள் நெஞ்சில் இருந்த பூனைக்குட்டி புலியாகிவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சை இழுத்தாள், உதடு நீலம் பாரித்தது. டவுன் ஆஸ்பத்திரியில் காற்று வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர், பிரமாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“இளைப்பு உங்க வீட்டுக்காரர் வழியில இருக்கும்மா. அவரோட அப்பாவுக்கும் இருந்ததுன்னு சொன்னாரு. அது இவ உடம்புக்குள்ளேயே இருக்கு, ஈரம் வந்து கூப்பிட்டா எந்திரிக்குது. காஞ்ச இடத்துல கூப்பிட ஆள் இல்ல, அதனால தூங்குது. மருந்து தரேன். ஆனா மழைக்காலத்துல இந்தப் பொண்ண ஈரத்துல வைக்காதீங்க. அடுத்த தடவை இங்க வந்து சேர நேரமிருக்குமான்னு எனக்குத் தெரியாது.”

மழைக்காலம் முழுவதும் தேரிக்கரை என்றால் கருப்பட்டி மாதங்களையும் சேர்த்து வருடத்தில் பெரும்பகுதி போய்விடும். வீட்டுக்கு வந்ததும் பிரமாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அங்கன அனுப்பினா அவ புள்ளயாயிருவா” என்றாள்.

“இங்கன வச்சா யாரு புள்ளயா இருப்பா?” என்றான் நம்பிராஜன்.

மறுநாள் காலையில் மழை தூறலாக இருந்தபோது தாயும் மகளும் பாலத்துக்கு வந்தார்கள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்றோம், பார்க்க வேண்டுமென்றுதான், வேறு காரணம் சொன்னால் பொய். நம்பிராஜன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். தவிட்டம்மாளால் நடக்க முடியவில்லை. அம்மாவின் தோளில் கையைப் போட்டு, உடம்பு முழுவதையும் அவள்மேல் சாய்த்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்துக் கால் வைத்தாள். நடுக்கல்லுக்கு முந்திய எட்டு வந்தது. வழக்கமாகப் பிரமாச்சி திரும்பும் இடம் அது. தோளில் கிடக்கும் கையை எடுத்துவிட்டால் மகள் விழுவாள்.

“எம்மா, என்ன விட்டுராத” என்றாள் தவிட்டம்மாள்.

பிரமாச்சி பதினாறு வருடச் சத்தியத்தைப் பாலத்தில் போட்டுவிட்டுக் கல்லைத் தாண்டினாள்.

முதலில் தோளில் கிடந்த பாரம் குறைந்தது. பிறகு தோளைப் பிடித்திருந்த கை மேலே உயர்ந்தது. காதோரம் இழுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் அறுந்து நின்று, ஒரு நீளமான, ஈரமில்லாத, சுத்தமான மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. பிரமாச்சி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். செம்பட்டைச் சுருட்டை முடி, நீண்ட கழுத்து, முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, வலது தோள் சற்று ஏறி, மோவாயை முன்னால் நீட்டிக்கொண்டு நின்ற முகம். ஞானப்பூவின் முகத்தில் ஒரு கடுகளவுகூட அதில் இல்லை.

“மாடத்தி” என்றாள் பிரமாச்சி. பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரமாச்சி பிறந்த ஊர் கிழக்கே ஒரு வானம் பார்த்த பூமி என்பதும், அங்கேயும் செம்மண் என்பதும், அங்கே வளர்ந்த மாடத்தி இந்தத் தவிட்டம்மாளைப் போலவே இருந்தாள் என்பதும் அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரியவந்தது. பிரமாச்சியே கல்யாணமாகி வந்தபோது ஒடிசலாகச் செம்பட்டை முடியோடுதான் வந்தாள், எங்கள் தண்ணீரைக் குடித்து, எங்கள் சோற்றைத் தின்று, வருடக்கணக்கில் மெதுவாகத்தான் வடகரைக்காரியானாள். நாங்களும் மறந்துவிட்டோம், அவளும் மறந்துவிட்டாள். ஊரில் எல்லோரும் வருடக்கணக்கில் மாறுவதை அவள் மகள் ஒரே எட்டில் மாறினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞானப்பூ ஓடிவந்து பிரமாச்சியைத் தூக்கினாள்.

“என்னட்டி ஆச்சு ஒனக்கு?”

“யக்கா, இது எங்க அக்கா மொகம். நீ குடுத்த மொகமுன்னு நெனச்சுல்லா இத்தன வருசமும் முதுகக் காட்டிட்டுப் போனேன்.”

“நா எங்கருந்து குடுக்க? அவளுக்குள்ள கெடந்தது. இந்த மண்ணு வெளிய எடுத்துச்சு. நா சோறு போட்டேன், ஏசினேன், முடி சீவினேன், அம்புட்டுத்தான்.”

“அது அம்புட்டு இல்ல, யக்கா” என்றாள் பிரமாச்சி. “நீ வச்சிருந்ததாலதான் எங்க அக்கா வந்திருக்கா.”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ஞானப்பூவும் அழுதாள். தவிட்டம்மாள் நடுவில் நின்று இரண்டு பேர் தலையையும் தடவிக்கொடுத்தாள், இப்போது அவள்தான் மூன்று பேரிலும் உயரம்.

அன்று சாயங்காலம் பிரமாச்சி வடகரைக்குத் திரும்பினாள், மறுநாள் விடிந்ததும் பழைய சுளகைத் தட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். எங்கள் கரைப் பெண்கள், மகளைத் திரும்ப வாங்கத்தான் போகிறாள், அரிசியை மறந்துவிட்டாளே என்று பதறி, பின்னாலேயே கூடையோடு ஓடினார்கள். அவள் அரிசியை வாங்கவில்லை. ஞானப்பூ வீட்டு முற்றத்தில் போய் நின்று வெறும் சுளகை நீட்டினாள்.

“இதுல தவிடு போடு, யக்கா.”

“எதுக்கு?”

“என்ன வாங்கிக்க.”

ஞானப்பூ சிரித்துவிட்டாள். “ஒன்ன வச்சுட்டு நா என்னட்டி செய்ய? வாய் வேற நீளம்.”

“அடுப்புக்கு ஓல தள்ளுதேன். கருப்பட்டிக்கு ஓலப்பெட்டி மொடையுதேன். மழ முடியுற வரைக்கும் எம் பிள்ள மூச்சு விடுதத நா பக்கத்துல இருந்து பாக்கணும்.”

ஞானப்பூ உள்ளே போய் மரக்கால் நிறையத் தவிடு அள்ளிவந்து சுளகில் கொட்டினாள். பிரமாச்சி வாசற்படியில் கால் வைக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

“பொறவாசல் வழியா வா. மொறைன்னா மொறைதான்.”

பிரமாச்சி வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் புறவாசல் வழியாக நுழைந்தாள். எங்கள் பெண்கள் கூடை அரிசியைத் திரும்பக் கொண்டுவர மனமில்லாமல் அங்கேயே பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் தாயும் மகளும் சேர்ந்தே தேரிக்கரைக்குப் போனார்கள். மழை விட்டதும் சேர்ந்தே திரும்பினார்கள். நடுக்கல்லைத் தாண்டும்போது மகள் ஒரு எட்டில் உயர்வாள், தாய் உயரமாட்டாள், அவளுக்கு அந்த வரம் இல்லை. ஆனால் நாலைந்து மழை கழிந்தபோது, அடுப்படி வெக்கையிலும் தேரிக் காற்றிலும் பிரமாச்சியின் உடம்பு ஒடிசலாகி, தலையில் செம்பட்டை எட்டிப் பார்த்து, காதோரம் முடி சுருளத் தொடங்கியிருந்தது. நாங்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்த அந்தப் போட்டோ இப்போது அவள் வீட்டுச் சுவரில் நேராகத் தொங்குகிறது.

போன ஐப்பசியில் தேரிக்கரைப் பேருந்துக்குப் புதிதாக ஒரு கண்டக்டர் வந்திருந்தார். பின் இருக்கையில் கருப்பட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கழுத்து, ஒரே மோவாய், ஒரே பல் இடைவெளி.

“ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?” என்று கேட்டார்.

தவிட்டம்மாள் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். பிரமாச்சி மகளின் வளைந்த சுண்டுவிரலுள்ள கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆமா” என்றாள். “இவதான் மூத்தவ.”